புன்யோரோ அரசர் கபலேகா: தோற்றது போரிலா, ஒப்பந்தத்திலா?

ஏரிக்காற்று

வணக்கம் நண்பர்களே. நம் மன்றத்தில் உகாண்டா என்று தேடினால் இடி அமீனும் 1972-இல் ஆசியர்களை வெளியேற்றியதும்தான் வருகிறது. அதற்கு நூறு வருடம் முன்னால், 1872-இல், அதே நாட்டின் மேற்கில் இருபது வயதை ஒட்டிய ஓர் அரசர், எகிப்துக் கொடியோடு வந்த ஆங்கிலேயர் ஒருவரைத் துரத்தி அனுப்பினார். அவரைப் பற்றித் தமிழில் எதுவும் என் கண்ணில் படவில்லை. அதனால் இந்த இழை.

நான் வேலைக்காக மசிண்டி பக்கம் தங்கியிருக்கிறேன். ஊரில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு கபலேகா பெயர். ஹோய்மா பக்கம் எண்ணெய்த் தொழிலை நம்பிக் கட்டிய விமான நிலையத்துக்கும் அவர் பெயர்தான். கூட வேலை பார்ப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் சீக்கிரமே அவரிடம் வந்துவிடும், அங்கிருந்து நேராக நிலத் தகராறுக்குப் போய்விடும். ஏன் இப்படி என்று தேடிப் படித்ததை எழுதுகிறேன்.

புன்யோரோ, ஆல்பர்ட் ஏரிக்கும் நைல் நதிக்கும் அருகே இருந்த பழைய அரசு. அரசரை ஒமுகாமா என்பார்கள். கமுராசி என்ற ஒமுகாமா 1869-இல் இறந்தபோது மகன்கள் இருவருக்குள் சண்டை வந்தது. அரச குலத்துப் பெரிய மனிதர்கள் கபிகுமிரே பக்கம். கபலேகாவுக்குச் சாதாரணக் குடிகளும், தாயார் நியாமுதாஹிங்குர்வாவின் உறவினரும் துணை நின்றார்கள். கபலேகா ஜெயித்தார். இந்த ஆரம்பம் முக்கியம், ஏனென்றால் கடைசி வரைக்கும் அவர் பெரிய குடும்பங்களை முழுசாக நம்பவே இல்லை.

பட்டத்துக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருக்கும், சாமுவேல் பேக்கர் வந்து சேர்ந்தார். 1864-இல் வந்து ஏரிக்கு ஆல்பர்ட் என்று பெயர் வைத்துப் போனவரே அவர்தான். இந்த முறை எகிப்து மன்னர் இஸ்மாயில் கொடுத்த பாஷா பட்டமும் படையும் கூட வந்தன. அடிமை வியாபாரத்தை ஒழிக்க வந்திருக்கிறேன் என்றார். 1872 ஏப்ரல் கடைசியில் மசிண்டிக்கு வந்தார். மே 14 அன்று கொடியேற்றி, இந்த நாடு இனி எகிப்துக்குச் சொந்தம் என்று அறிவித்துவிட்டார். விருந்தாளியாக உட்கார வைத்த வீட்டுக்கே பத்திரம் எழுதிக்கொண்ட கதைதான். ஜூன் 8 காலையில் சண்டை வெடித்தது. ஒரு வாரத்துக்குள் பேக்கர் மூட்டை கட்டினார். ஆளுயரப் புல்லுக்குள்ளிருந்து ஈட்டிகள் பறந்து வர, வழியெல்லாம் ஆட்களை இழந்துகொண்டே நைல் கரையிலுள்ள ஃபொவீராவுக்குப் போய்ச் சேர்ந்தார்.

ஊருக்குத் திரும்பியதும் புத்தகம் எழுதினார். அதில் கபலேகா குடிகாரர், கோழை, வஞ்சகர். அடுத்த இருபது வருடத்தில் அங்கே போன பிரிட்டிஷ் அதிகாரிகளில் பலர் மனதில் அந்தப் படம்தான் இருந்தது.

மீதியை அடுத்த பதிவில் எழுதுகிறேன். தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்ளுங்கள்.

வெட்டிப்பேச்சு

தோற்றுப் போனவர் புத்தகம் எழுதி ஜெயித்துவிட்டார் போலிருக்கிறதே! நல்ல தலைப்பு அண்ணா, தொடருங்கள்.

பழங்கணக்கு

இழைக்கு நன்றி தம்பி. ஆனால் ஆரம்பத்திலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இது அப்படியே வீரகாதையாக ஓடிவிடும்.

பேக்கரின் எழுத்து ஒருதலைப்பட்சம் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. மதுவில் விஷம் கலந்து தன் சிப்பாய்களுக்கு அனுப்பினார்கள், மறுநாளே தாக்கினார்கள் என்பது அவர் சொல்லும் கதை. புன்யோரோ தரப்பில் கேட்டால், வந்தவன் கோட்டை கட்டி நாட்டையே பறித்தான், நாங்கள் திருப்பி அடித்தோம் என்பார்கள். சரி.

டோரோவையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். 1830 வாக்கில் புன்யோரோவிலிருந்து ஓர் இளவரசர் பிரிந்து போய் அமைத்த அரசு அது. 1870-களில் கபலேகாவின் படை அதைத் திரும்பப் பிடித்தது. அபருசுரா என்ற அந்தப் படை போன இடமெல்லாம் மாடு, பெண்கள், பிள்ளைகள் எல்லாம் கொள்ளைப் பொருள். டோரோக்காரர்களிடம் கபலேகாவைப் பற்றிக் கேட்டால் மசிண்டியில் கிடைக்கும் பதில் கிடைக்காது. பிரிட்டிஷார் பின்னால் வந்தபோது அவர்களை டோரோ ஏன் வரவேற்றது என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

மலர்விழி

இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம் இல்லையா ஐயா? எனக்கு வேறு கேள்வி. நிரந்தரப் படை வைக்கப் பணம் வேண்டும், துப்பாக்கி வாங்க அதைவிட அதிகம் வேண்டும். கடற்கரையிலிருந்து அவ்வளவு தூரத்தில், நாட்டின் நடுவில் உட்கார்ந்திருந்த அரசருக்கு இதெல்லாம் எங்கிருந்து வந்தது? அரசர் எப்படி வாழ்ந்தார் என்பதையும் எழுதுங்கள் ஏரிக்காற்று. சண்டை தேதிகள் மட்டும் என்றால் பாடப்புத்தகம் ஆகிவிடும்.

ஏரிக்காற்று

நல்ல கேள்வி அக்கா, நானும் இதில்தான் அதிக நேரம் செலவழித்தேன்.

பதில்: உப்பு, இரும்பு, தந்தம். ஆல்பர்ட் ஏரிக்கரையில் கிபிரோ என்று ஒரு சின்ன ஊர். வெந்நீர் ஊற்று உண்டு, மண்ணில் உப்பு ஏறும். அந்த மண்ணைச் சுரண்டி, தண்ணீர் ஊற்றி வடித்து, வடிந்ததைக் காய்ச்சி உப்பு எடுப்பார்கள். எல்லாமே பெண்கள் வேலை. உப்புப் பாத்தியும் தாயிடமிருந்து மகளுக்குப் போகும். இன்றைக்கும் அந்த வேலை நடக்கிறது. தெற்கே கட்வே ஏரியிலும் உப்பு. டோரோவையும் அதன் பக்கத்து நாடுகளையும் கபலேகா பிடித்ததில் அந்த உப்புக்குப் பெரிய பங்கு உண்டு. புன்யோரோ மண்வெட்டிக்குச் சுற்றுவட்டாரத்தில் நல்ல கிராக்கி இருந்தது. உப்பும் மண்வெட்டியும் போன வழியில் தந்தம் வந்தது. அந்தத் தந்தத்தைக் கொடுத்து, வடக்கே கார்ட்டூம் வியாபாரிகளிடமும் கிழக்கே சான்சிபார் பக்கத்து வியாபாரிகளிடமும் துப்பாக்கி வாங்கினார்கள்.

ஐயா சொன்ன அபருசுராவும் இதில் கட்டிய அமைப்புதான். பழைய முறையில் ஒவ்வொரு வட்டாரத் தலைவரும் போருக்குத் தன் ஆட்களைக் கூட்டி வருவார். கபலேகா அதற்குப் பதிலாகத் தனக்கு மட்டும் கட்டுப்பட்ட படைப்பிரிவுகளை உண்டாக்கி நாடு முழுக்க நிறுத்தினார். தளபதிகளில் பலர் அரச குலத்தவர் அல்லர். ருவாபுடோங்கோ, இரேட்டா போன்றவர்கள் திறமையால் மேலே வந்தவர்கள். வெளிநாட்டார், ஓடி வந்த அடிமைகள், எகிப்துப் படையிலிருந்து தப்பியவர்கள் எல்லோருக்கும் அதில் இடம் இருந்தது. 1886-இல் ருவெங்காபியில், பக்கத்து அரசான புகாண்டாவின் படையையே இவர்கள் தோற்கடித்தார்கள். அந்தக் காலத்தில் அந்த வட்டாரத்தில் புகாண்டாதான் பெரிய கை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அரசரின் வாழ்க்கை பற்றி: ஒமுகாமா வெறும் ஆட்சியாளர் மட்டுமல்லர். அவர் உடம்பு நன்றாக இருந்தால்தான் நாடு நன்றாக இருக்கும் என்ற நம்பிக்கை. அதனால் அவர் எதை உண்பார், யார் பார்க்க உண்பார் என்பதற்கெல்லாம் சடங்கு. அரண்மனைக்கென்று தனி மாட்டு மந்தை, அதன் பாலை அவர் குடிக்கும் நேரத்துக்குத் தனி முறை. இப்போதும் பட்டமேற்ற நாளை எம்பாங்கோ என்ற பெயரில் முரசு கொட்டிக் கொண்டாடுகிறார்கள். இங்கே ஒவ்வொருவருக்கும் சொந்தப் பெயரோடு எம்பாகோ என்று ஒரு செல்லப் பெயரும் உண்டு. அடியேரி, அமூட்டி, அட்டேன்யி என்று மொத்தம் ஒரு டஜன் பெயர்தான்; அவற்றுக்குள்தான் வைக்க வேண்டும். அதில் ஒகாலி என்பது அரசரைத் தவிர வேறு யாருக்கும் இல்லை. அலுவலகத்தில் எனக்கும் ஒன்று வைத்துவிட்டார்கள், அதை இங்கே சொல்ல மாட்டேன்.

பேக்கர் போன ஐந்தாம் வருடம், 1877-இல், எமின் பாஷா என்ற ஜெர்மானிய மருத்துவர் எகிப்து அரசின் தூதராக, கபலேகாவின் தலைநகரான ம்பாரோவுக்கு வந்தார். அவர் எழுதியதில் கபலேகா மரியாதை தெரிந்தவர், நிதானமாகப் பேசுபவர், விஷயம் அறிந்தவர். ஐந்தே வருட இடைவெளியில் அதே மனிதர்.

பழங்கணக்கு

எமின் பாஷாவைச் சொன்ன நீங்கள் கசாட்டியைச் சொல்லவில்லையே. எமினின் பிரதிநிதியாக கபலேகாவின் அரசவையில் தங்கியிருந்த இத்தாலியர். 1888 தொடக்கத்தில் அவரைப் பிடித்து மரத்தில் கட்டி வைத்தார்கள். உயிர் தப்பி ஏரிக்கரைக்கு ஓடி, எமினின் படகில் ஏறித்தான் பிழைத்தார். அவரோடு தொடர்பிலிருந்த வியாபாரி ஒருவரைக் கொன்றேவிட்டார்கள்.

மரியாதை தெரிந்தவர் என்பதற்கு எதிர்ச்சாட்சியாக இதைச் சொல்லவில்லை. ஆய்வுப் பயணி ஸ்டான்லி எமினை மீட்கப் படையோடு வருகிறார் என்ற செய்தி பரவியிருந்த நேரம் அது. கபலேகா பயந்திருப்பார், பயத்துக்குக் காரணமும் இருந்தது. ஆனால் 'பண்பான அரசர்' என்ற படம் மட்டும் போதாது என்கிறேன்.

கோட்டைமேடு

எகிப்து எப்போது விலகியது, பிரிட்டன் எப்போது உள்ளே வந்தது? எனக்குக் குழப்பமாக இருக்கிறது. பேக்கர் ஆங்கிலேயர், ஆனால் எகிப்து ஆள். எமின் ஜெர்மானியர், அவரும் எகிப்து ஆள்.

ஏரிக்காற்று

சூடானில் 1881-இல் தொடங்கிய மஹ்தி எழுச்சியில் எகிப்தின் பிடி வடக்கே அறுந்தது. தெற்கே மாட்டிக்கொண்ட எமினை ஸ்டான்லி 1889-இல் கடற்கரைக்கு அழைத்துப் போய்விட்டார். எமினோடிருந்த சூடானியச் சிப்பாய்களில் பல பேர் ஏரியின் மேற்குக் கரையிலேயே தங்கிவிட்டார்கள். கபலேகாவின் கதையைத் திருப்பியது இந்தச் சிப்பாய்கள்தான்.

பிரிட்டிஷ் கிழக்காப்பிரிக்கக் கம்பெனியின் ஆளாக லுகார்ட் புகாண்டாவுக்கு வந்து, 1890 டிசம்பரில் கபாகா முவாங்காவிடம் ஒப்பந்தம் வாங்கினார். கபாகா என்றால் புகாண்டா அரசர். 1891-இல் மேற்கே போன லுகார்ட் மூன்று காரியம் செய்தார். கட்வே உப்பு ஏரியைப் பிடித்தார். டோரோவின் பழைய அரச வம்சத்து இளைஞர் கசாகாமாவை அரசராக உட்கார வைத்தார். எமின் விட்டுப்போன சூடானியர்களைக் கூட்டி வந்து, டோரோவுக்கும் புன்யோரோவுக்கும் நடுவில் வரிசையாகக் கோட்டை கட்டி அவற்றில் நிறுத்தினார். கபலேகா சமாதானத் தூது அனுப்பியும் பார்த்தார். லுகார்ட் ஏற்கவில்லை.

1893 டிசம்பரில் பெரிய படையெடுப்பு. தலைமை கர்னல் கோல்வில். வெள்ளை அதிகாரிகள் கைவிரல் விட்டு எண்ணும் அளவு, சூடானியச் சிப்பாய்கள் நானூற்றுச் சொச்சம், புகாண்டாப் படை ஏறத்தாழ 15,000 பேர். அந்தப் படைக்குத் தளபதி செமேய் கக்குங்குலு. கபலேகா நேருக்கு நேர் நிற்கவில்லை. ம்பாரோ தலைநகரைத் தானே எரித்துவிட்டு புடோங்கோ காட்டுக்குள் போய்விட்டார். கோல்வில், புகாண்டா எல்லையிலிருந்து ஆல்பர்ட் ஏரி வரை நாட்டை இரண்டாகப் பிளக்கிற மாதிரி கோட்டைகள் கட்டினார். கடைசிக் கோட்டை எங்கே தெரியுமா? கிபிரோவில், உப்புக்குப் பக்கத்தில். தெற்கு உப்பு 1891-இல் போயிற்று, வடக்கு உப்பு 1894-இல் போயிற்று. அதற்குப் பிறகு துப்பாக்கிக்கு மாற்றாகக் கொடுக்கப் பெரிதாக ஒன்றும் இல்லை.

ஹோய்மாவுக்குப் பக்கத்தில் கட்டாசிஹாவில் கோல்வில் வெட்டிய அகழி இன்னும் இருக்கிறது. எட்டிப் பார்த்தால்தான் எவ்வளவு ஆழம் என்று தெரியும்.

இவ்வளவு நடந்தும் கபலேகா பிடிபட 1899 ஆயிற்று. ஐந்து வருடத்துக்கு மேல் காட்டிலும் நைல் தாண்டி லாங்கோ நாட்டிலும் இருந்து எதிர்த்தார். பழைய தளபதிகள் ஒவ்வொருவராகச் சரணடைந்தார்கள், ருவாபுடோங்கோ உட்பட.

மலர்விழி

15,000 பேர் என்று ஒரே வரியில் போய்விட்டீர்கள். அவ்வளவு பேருக்குச் சோறு எங்கிருந்து வந்திருக்கும்? போகிற வழியிலுள்ள தோட்டத்திலிருந்துதான். வாழைத் தோட்டங்களையும் தானியத்தையும் அழிப்பது திட்டத்திலேயே இருந்தது, எதிரிக்கு உணவு கிடைக்கக் கூடாது என்று. கபலேகா பின்வாங்கும்போதும் அதையேதான் செய்தார். நடுவில் மாட்டிக்கொண்டது யார்? பஞ்சம், அம்மை, மாடுகள் கொள்ளை. புன்யோரோ மக்கள்தொகை அதற்குப் பின் பல பத்தாண்டுகள் எழுந்திருக்கவில்லை என்று நானும் படித்திருக்கிறேன்.

அவர் சரணடைந்திருந்தால் இவ்வளவு அழிவு வந்திருக்காது என்று ஒருவர் சொன்னால், அதற்கு என்ன பதில்?

பழங்கணக்கு

அதற்கு நானே பதில் சொல்கிறேன் அம்மா, கபலேகா பக்கம் நின்று. 1872-இல் ஒருவனை விருந்தாளியாக ஏற்றார், அவன் கொடியேற்றினான். 1891-இல் தூது அனுப்பினார், மதிக்கவில்லை. சரணடைந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு அவர் கண்ணெதிரே ஒரு உதாரணமும் இருந்தது, முவாங்கா. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு பிரிட்டிஷாரோடு போனவர்தான் அவர். என்ன ஆயிற்று?

ஏரிக்காற்று

ஐயா நல்ல இடத்தில் கொண்டுவந்து விட்டார். எனக்கு இந்த முழு வரலாற்றிலும் நம்பவே முடியாத பகுதி இதுதான்.

1893-இல் புன்யோரோ மேல் பாய்ந்த புகாண்டாப் படை முவாங்காவின் பெயரில் போன படை. அதே முவாங்கா தன் அதிகாரமெல்லாம் தலைவர்கள் கைக்கும் பிரிட்டிஷார் கைக்கும் போனதைப் பார்த்து, 1897 ஜூலையில் அரண்மனையிலிருந்து தப்பிப் போய்க் கலகம் செய்தார். தோற்று, தெற்கே ஜெர்மன் எல்லைக்குள் ஓடினார். அங்கே அவரைப் பிடித்து வைத்தார்கள். அங்கிருந்தும் தப்பித்து வடக்கே வந்து யாரிடம் சேர்ந்தார்? கபலேகாவிடம். ஒரு வயதுக் குழந்தையான அவர் மகன் தாவுதி சுவாவை அதற்குள் கபாகா ஆக்கிவிட்டார்கள்.

1899 ஏப்ரல் 9, லாங்கோ நாட்டுச் சதுப்பு நிலத்தில் எவாட் என்ற அதிகாரியின் படை விடியற்காலையில் சூழ்ந்தது. இரண்டு அரசர்களும் ஒரே இடத்தில் பிடிபட்டார்கள். கபலேகாவுக்குக் கையில் குண்டடி. கையை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. சூழ்ந்த படையில் கக்குங்குலுவின் புகாண்டா ஆட்களும் இருந்தார்கள்.

வெட்டிப்பேச்சு

படமாக எடுத்தால் யாரும் நம்ப மாட்டார்கள். 'திரைக்கதை செயற்கை' என்று விமர்சனம் வரும்.

ஈப்போக்காரன்

வணக்கம், மலேசியாவிலிருந்து. பிடித்த பிறகு இருவரையும் செஷல்ஸ் தீவுக்குத்தானே அனுப்பினார்கள்? எங்கள் பேராக் சுல்தான் அப்துல்லாவையும் அங்கேதான் அனுப்பினார்கள். 1875-இல் பாசிர் சாலாக்கில் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் பர்ச் கொல்லப்பட்டார். அதில் சம்பந்தம் என்று சொல்லி, 1877-இல் சுல்தானை நாடு கடத்தினார்கள். இந்த பர்ச் அதற்கு முன்னால் இருபது வருடத்துக்கு மேல் இலங்கையில் அரசுப் பணியில் இருந்தவர் என்பது நம் ஆட்களுக்கு ஒரு கூடுதல் செய்தி.

கபலேகா போன சமயத்தில் அங்கே வேறு யாரெல்லாம் இருந்தார்கள் என்று தெரிந்தவர்கள் எழுதினால் நன்றாக இருக்கும்.

ஏரிக்காற்று

ஆமாம் ஈப்போ அண்ணா. முதலில் சோமாலியக் கரையிலுள்ள கிஸ்மாயு, அப்புறம் 1901-இல் செஷல்ஸ். அசாந்தி அரசர் பிரெம்பே அதற்கு முந்தைய வருடமே அங்கே கொண்டுவரப்பட்டிருந்தார். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஒருவர், கிழக்கிலிருந்து இருவர். அசாந்திப் போரை நடத்திய ராணி யா அசாந்தேவாவும் அதே தீவில்தான் இருந்தார், 1921-இல் அங்கேயே இறந்தார். பிரிட்டிஷாருக்கு அடங்காத அரசர்களைப் போட்டு வைக்கும் இடமாகவே அது ஆகியிருந்தது.

முவாங்கா 1903-இல் அங்கே இறந்தார். அவர் உடலை 1910-இல் கொண்டுவந்து கம்பாலாவில் கசுபி கல்லறையில் வைத்தார்கள். கபலேகா இருபது வருடத்துக்கு மேல் அங்கே இருந்தார். இடையில் ஞானஸ்நானம் பெற்றார், யோவான் என்று பெயர். திரும்ப அனுப்பச் சொல்லிப் போன மனுக்களுக்கெல்லாம் பதில் இல்லை. கடைசியில் 1923-இல் அனுமதித்தார்கள். எழுபதை ஒட்டிய வயது. கப்பலிலும் ரயிலிலும் வந்து, விக்டோரியா ஏரியிலிருந்து நைல் கிளம்பும் ஊரான ஜிஞ்சா வரைக்கும் சேர்ந்தார். ஏப்ரல் 6 அன்று அங்கேயே இறந்துவிட்டார். புன்யோரோ எல்லையை அவர் உயிரோடு தாண்டவில்லை. உடலைத்தான் ம்பாரோவுக்குக் கொண்டு போனார்கள்.

ஹோய்மாவிலிருந்து மசிண்டி போகும் சாலையில் சில கிலோமீட்டர்தான் ம்பாரோ. பெரிய புல்கூரை வீடு, உள்ளே அவர் சமாதி. எமின் பாஷா அவரைச் சந்தித்த இடத்துக்கு வெளியே ஒரு நினைவுச் சின்னம். யாராவது வந்தால் சொல்லுங்கள், கூட்டிப் போகிறேன்.

கோட்டைமேடு

சரி, அரசரைப் பிடித்தாயிற்று. தலைப்பில் ஒப்பந்தம் என்று போட்டிருக்கிறீர்களே, அது எங்கே?

ஏரிக்காற்று

அதற்குத்தான் வருகிறேன். இந்த ஊரில் இன்றைக்கும் ஜனங்கள் கோபமாகப் பேசுவது போரைப் பற்றி அல்ல, இதைப் பற்றி.

1894-இல் கோல்வில், உதவிக்கு வந்த புகாண்டாத் தலைவர்களுக்கு, காஃபு நதிக்குத் தெற்கேயுள்ள புன்யோரோ நிலத்தைத் தருவதாக வாக்குக் கொடுத்தார். 1896-இல் அது உறுதியாயிற்று. புயாகா, புகங்கைஸி, முபெண்டே சுற்றுவட்டாரம் எல்லாம் அதில் போயிற்று. புன்யோரோ அரசர்களின் பழைய சமாதிகளில் பெரும்பாலானவை இருந்த மண் அது. இது அநியாயம் என்று சொல்லி, அங்கே பணியில் இருந்த பிரிட்டிஷ் அதிகாரிகள் இரண்டு பேரே ராஜினாமா செய்திருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பின் 1900 உகாண்டா ஒப்பந்தம். ஹாரி ஜான்ஸ்டன் ஒரு பக்கம், குழந்தை கபாகாவின் சார்பில் அப்போலோ கக்வா முதலிய மூன்று ஆட்சிப் பொறுப்பாளர்கள் மறுபக்கம். புகாண்டா நிலத்தில் பெரும்பங்கு அரச குடும்பத்துக்கும் தலைவர்களுக்கும் மைலோ என்ற பெயரில் சொந்தப் பட்டாவாயிற்று. புன்யோரோவிலிருந்து பறித்த பகுதியும் புகாண்டா கணக்கில் சேர்ந்ததால் அதிலும் பட்டா போட்டார்கள். புன்யோரோவோடு ஒப்பந்தமே கிடையாது. வென்ற நாடு, அவ்வளவுதான். 1933 வரை அதே நிலை.

சிம்மாசனத்தில் 1898-இல் கபலேகாவின் மகன் கிட்டஹிம்புவா என்ற சிறுவன். 1902-இல் அவரை இறக்கிவிட்டு இன்னொரு மகன் துஹாகா. அப்பா தீவில் கைதி, மகன் ஹோய்மாவில் அரசர். உண்மையான நிர்வாகத்துக்கு புகாண்டாவிலிருந்து தலைவர்களைக் கூட்டி வந்தார்கள். தேவாலயத்தில் புகாண்டாவின் லுகாண்டா மொழி. 1907-இல் புன்யோரோத் தலைவர்கள் அவர்களுக்குக் கீழ் வேலை செய்ய மாட்டோம் என்று மறுத்து, வெளியேற்றவும் செய்தார்கள். நியாங்கிரே கிளர்ச்சி என்று பெயர். ஆயுதம் எடுக்கவில்லை. ஆனாலும் ஐம்பதுக்கு மேற்பட்ட தலைவர்களைக் கைது செய்து நாடு கடத்தினார்கள்.

பழங்கணக்கு

துஹாகாவைப் பற்றி யாரும் பேசுவதில்லை, எனக்கு அது குறை. அப்பா உயிரோடு கைதியாக இருக்கும்போது அவர் இடத்தில் உட்கார்ந்து, கடன்பட்டு, அதிகாரிகளிடம் திட்டு வாங்கி, நாட்டை ஏதோ ஒரு மாதிரி நிறுத்தி வைத்தவர். 1907-இல் குடிகளுக்கும் பிரிட்டிஷாருக்கும் நடுவில் மாட்டினார். எதிர்த்தவர்களுக்குச் சிலை வைக்கலாம், இப்படி இருந்து தொலைத்தவர்களுக்கு ஒரு வரி கூடக் கிடையாது.

புகாண்டா பக்கமும் ஒன்று. அவர்களைக் கைக்கூலி என்று சொல்வது எளிது. 1893-இல் அவர்கள் பிரிட்டிஷாருக்காகப் போரிடவில்லை, தலைமுறைப் பகையாளியோடு போரிட்டார்கள். இந்தத் தடவை மாக்சிம் இயந்திரத் துப்பாக்கி வைத்திருந்தவன் அவர்கள் பக்கம் நின்றான். அதே கணக்கில்தான் டோரோவும். 'ஆப்பிரிக்கர்கள் ஒன்றுபட்டிருந்தால்' என்று நாம் இங்கிருந்து சொல்வதில் அர்த்தமில்லை. அவர்கள் தங்களை அப்படி நினைத்துக்கொள்ளவே இல்லை.

வெட்டிப்பேச்சு

மர்ச்சிசன் நீர்வீழ்ச்சிக்கு இடி அமீன் காலத்தில் கபலேகா நீர்வீழ்ச்சி என்று பெயர் மாற்றினார்களாமே, உண்மையா? பார்க்கப் போகும் ஆசை உண்டு.

ஏரிக்காற்று

உண்மைதான். தேசியப் பூங்காவுக்கும் சேர்த்தே மாற்றினார்கள். அமீன் போனதும் பழைய பெயர் திரும்ப வந்துவிட்டது. மர்ச்சிசன் என்ற பெயரை வைத்ததும் நம்ம பேக்கர்தான். இன்றைக்கு யானை பார்க்கப் போகிற அந்தக் காட்டில் ஒரு பகுதி முன்பு மக்கள் குடியிருந்த இடம். போரும் பஞ்சமும் போக, தூக்க நோய் பரவுகிறது என்று சொல்லி, மிச்சமிருந்தவர்களை அப்புறப்படுத்தினார்கள். அதற்குப் பிறகுதான் வேட்டைக் காப்பகம். மனிதன் கால்படாத காடு என்று சுற்றுலாக் கையேட்டில் எழுதியிருப்பார்கள், நம்பாதீர்கள்.

நெறியாளர்

பயண விவரங்களைப் பயணப் பகுதியில் கேட்கவும். இழை நன்றாகப் போகிறது, தொடருங்கள்.

மலர்விழி

அந்த நிலம் திரும்ப வந்ததா?

ஏரிக்காற்று

பாதி வந்தது அக்கா. 1921-இலேயே முபெண்டே பகுதி புன்யோரோ மக்கள் ஒரு குழு அமைத்து மனு மேல் மனு போட்டார்கள். கபலேகாவின் இன்னொரு மகன் டிட்டோ வின்யி 1924-இல் ஒமுகாமா ஆனார், அவரும் விடாமல் எழுதிக்கொண்டே இருந்தார். பிரிட்டிஷார் 1962-இல் சுதந்திரம் கொடுத்துக் கிளம்புகிற நேரத்தில் மோல்சன் பிரபு தலைமையில் ஒரு குழு அமைத்தார்கள். புயாகாவையும் புகங்கைஸியையும் திருப்பிக் கொடுக்கலாம் என்று அந்தக் குழு சொன்னது. அதைச் செய்யாமல், இரண்டு வருடம் கழித்து அந்தப் பகுதி மக்களிடமே வாக்கெடுப்பு என்று எழுதி வைத்துவிட்டுப் போனார்கள்.

வாக்கெடுப்பு வந்தபோது உகாண்டாவின் குடியரசுத் தலைவர் யார்? புகாண்டாவின் கபாகா இரண்டாம் முட்டீசா, முவாங்காவின் கொள்ளுப்பேரர் முறை... இல்லை, தாவுதி சுவாவின் மகன் அவர், அதனால் முவாங்காவுக்கு நேரான பேரன். பிரதமர் மில்டன் ஒபோட்டே. வாக்கெடுப்புக்கு முன்னால் புகாண்டாவின் முன்னாள் படைவீரர்களை அங்கே குடியேற்றிப் பார்த்தார்கள். ஆனால் 1962 பட்டியலில் பெயர் இருந்தவர்களுக்கு மட்டும்தான் ஓட்டு என்று ஒபோட்டே அரசு சொல்லிவிட்டது. 1964 நவம்பரில் பெரும்பான்மை புன்யோரோவோடு சேர வாக்களித்தது. குடியரசுத் தலைவராக முட்டீசா கையெழுத்துப் போட வேண்டும், கபாகாவாகப் போட முடியாது. மறுத்துவிட்டார். கையெழுத்து இல்லாமலே மாற்றம் நடந்தது. 1966-இல் ஒபோட்டேயின் படை அரண்மனையைத் தாக்கி அவரைத் துரத்தியதற்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் விரிசல் இங்கே பெரிதாயிற்று.

கோட்டைமேடு

அப்படியென்றால் முழுசாகத்தானே வந்தது? பாதி என்கிறீர்களே.

ஏரிக்காற்று

நிர்வாகம் வந்தது, பட்டா வரவில்லை. மைலோ பட்டாக்கள் கம்பாலா பக்கத்தில் இருக்கும் குடும்பங்கள் பெயரிலேயே நீடித்தன. உழுதுகொண்டிருப்பவர் புன்யோரோக்காரர், பத்திரத்தில் வேறு பெயர். 1998 நிலச் சட்டத்தில் ஒரு நிதி ஏற்படுத்தி, அரசாங்கம் அந்த உரிமையாளர்களிடம் வாங்கிக் குடியிருப்பவர்களுக்குக் கொடுக்கும் என்றார்கள். மெதுவாக நடக்கிறது. இதற்கு நடுவில் தென்மேற்கிலிருந்து வந்து குடியேறிய பக்கிகா மக்களோடு வேறு தகராறு. 2009-இல் கபலேகாவை தேசிய வீரர் என்று அரசு அறிவித்தபோது ஹோய்மாவில் சந்தோஷப்பட்டார்கள்தான். ஆனால் புயாகாவிலிருந்து வந்து எங்களோடு வேலை பார்க்கும் ஒருவர், பட்டத்தை அவருக்குக் கொடுத்துவிட்டு பட்டாவை எங்களுக்குக் கொடுத்திருக்கலாம் என்றார்.

பழங்கணக்கு

அவர் சொன்னது சரி. இருந்தாலும் தம்பி, உங்கள் தலைப்புக்கு என் பதில் 'ஒப்பந்தத்தில்' அல்ல. கட்வேயும் கிபிரோவும் போனபோதே ஆட்டம் முடிந்துவிட்டது, அதை நீங்களேதான் மேலே எழுதியிருக்கிறீர்கள். ஒப்பந்தம் அதற்குப் பின் வந்த பங்கு பிரிப்பு. மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள், நாளை வந்து பார்க்கிறேன்.